கவுண்டி லீக் பிரிட்ஜ் ஆட்டம்

சீட்டாட்டம் என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நம் அன்பர் பலர் முகஞ் சுளிப்பர். வள்ளுவனார் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்ததும், தருமன் கவறாடி நாடிழந்த கதையும் நம் மனத்தில் ஆழப் பதிந்துள்ளன. அச்சுளிப்பு நியாயமானதே, பணயம் வைத்து ஆடும் ஆட்டம் எதுவாயினும் அதனை ஆதரித்து ஓரெழுத்தும் எழுத நாம் முற்படோம். ஆயினும் இங்கிலாந்து தேசத்தின் கவுண்டிகள்தோறும், அதாவது நம் ஜில்லாக்களை ஒத்த பிரிவுகள்தோறும், குளிர்கால மாலைகளில் நடைபெற்று வரும் பிரிட்ஜ் லீக் ஆட்டங்களையும் சூதென்றே தள்ளிவிடுதல் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. அங்கே பணயம் இல்லை. வென்ற கட்சியார்க்குக் கிடைப்பன சில புள்ளிகளும், பருவ முடிவில் ஒரு கிண்ணமுமே. அவ்வாட்டத்தின் இயல்பை அறியாதார்க்கு அதனை இயன்றவரை விளக்கக் கருதுகின்றோம்.

பிரிட்ஜ் ஆட்டத்தை நால்வர் ஆடுவர். எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒரு பக்கத்தார். வடக்கும் தெற்கும் ஒரு பக்கம், கிழக்கும் மேற்கும் மறு பக்கம். 52 சீட்டுகளும் ஆளுக்கு 13 ஆகப் பங்கிடப்படும். ஒருவர் ஒரு சீட்டிட, ஏனை மூவரும் அவ்வினத்திலேயே ஒவ்வொன்றிட, உயர்ந்த சீட்டை இட்டவர் அந்நான்கையும் கைக்கொள்வர். இதுவே ஒரு பிடி. அவ்வினம் கையில் இல்லாதவர் துருப்பினால் வெட்டலாம். இம்மட்டில், நம்மூர்த் திண்ணைகளில் முந்நூற்று நாலு ஆடுவதைக் கண்டிருப்பார்க்குப் புதுமை ஒன்றுமில்லை.

புதுமை கேள்வியில் உள்ளது. ஆட்டந் தொடங்குமுன், துருப்பு யாது, எத்தனை பிடி எடுப்போம் என்று நால்வரும் முறையே ஏலங் கூறுவர். ஒன்று முதலாக ஏழு படிகள். படிக்குக் கிளாவர், டயமண்டு, ஆர்ட்டின், ஸ்பேடு, துருப்பில்லாமை என ஐந்து. ஆகக் கேள்விகள் 35. முதல் ஆறு பிடிகள் கணக்கிற் சேரா ஆகலின், நான்கு கேட்டவர் பத்துப் பிடி எடுத்தல் வேண்டும். இம்முப்பத்தைந்துடன் பாஸ், டபிள், ரீடபிள் என்னும் மூன்றையுங் கூட்டினால் அவ்வளவே இப்பாஷையின் சொற்றொகை. ஒருவர்க்கு வரக்கூடிய பதின்மூன்று சீட்டுக் கைகளோ 63,501 கோடியே 35 லட்சத்து 59 ஆயிரத்து 600. இத்துணைச் சிறிய பாஷையினால் அத்துணைப் பெரிய உலகினைத் தோழர்க்கு உணர்த்த முயல்வதே இவ்வாட்டத்தின் இன்பமும் துன்பமும் ஆகும். ஏலம் முடிந்து முதற்சீட்டு இடப்பட்டதும், கேள்வியை ஏற்றவரின் தோழர் தம் சீட்டுகளை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு வாளாவிருப்பர். அவர்க்கு டம்மி என்று பெயர்.

இனி, "நல்ல சீட்டு வந்தவன் வெல்கின்றான், இதில் திறமை எங்கே?" என்று வினவுவார்க்கு விடை கூறுவோம். லீக் ஆட்டத்தில் ஒவ்வொரு கட்சிக்கும் பெரும்பாலும் நால்வர். சில கவுண்டிகளில் எண்மரும் உண்டு. இரு மேசைகள் இடப்படும். ஒரு மேசையில் முதற்கட்சியார் இருவர் வடக்கு தெற்காக அமர்வர். மற்றைய மேசையில் அக்கட்சியார் ஏனை இருவர் கிழக்கு மேற்காக அமர்வர். சீட்டுகளை நடுவிற் கலந்துவிடாமல் ஒவ்வொருவரும் தம்முன்னே அடுக்கி வைத்து, ஆட்டம் முடிந்தவுடன் நான்கு பைகளையுடைய ஒரு தட்டையான பலகையுட் செருகிவிடுவர். அப்பலகை அப்படியே மற்றைய மேசைக்குச் செல்லும். ஆதலின், இங்கே இவர் பெற்ற நற்சீட்டுகளை அங்கே எதிர்க்கட்சியாரும் பெறுவர். ஒரே கையை வைத்துக்கொண்டு யார் சிறப்பாகக் கேட்டார், யார் சிறப்பாக ஆடினார் என்பதே கணக்கு. இம்முறை புதிதன்று. 1857-ஆம் ஆண்டிலேயே லண்டனில், கவெண்டிஷ் என்னும் புனைபெயருடைய ஹென்றி ஜோன்ஸ் என்பார், பிரிட்ஜுக்கு முன்னோடியாகிய விஸ்ட் ஆட்டத்தில் வல்லாரை ஒரு கட்சியாகவும் அல்லாரை மற்றொரு கட்சியாகவும் பிரித்து, ஒரே சீட்டுகளை இரு மேசைகளிலும் ஆடச்செய்து பரீக்ஷித்தனர். வல்லாரே வென்றனர்.

புள்ளிக் கணக்கினைச் சிறிது நுணுகி நோக்குவோம். கேள்வியின் துணிவு எங்கிருந்து பிறக்கின்றது என்பது அதனாலேயே விளங்கும். வல்னரபிள் எனப்படும் நிலையில் நான்கு ஸ்பேடு கேட்டுப் பத்துப் பிடி எடுத்தார்க்கு 620 புள்ளி. அஞ்சி இரண்டு ஸ்பேட்டில் நின்று அதே பத்துப் பிடியை எடுத்தார்க்கு 170 மட்டுமே. வேற்றுமை 450, அதற்கு இன்டர்நேஷனல் மேட்ச் பாயிண்ட் என்னும் அட்டவணைப்படி 10 கிடைக்கும். மறுதலையாக, ஒன்பதே பிடி கிடைப்பின் நான்கு கேட்டவர் 100 இழப்பர். இரண்டில் நின்றவர் 140 பெறுவர். வேற்றுமை 240, அதற்கு 6. எனவே, துணிந்து வெல்லின் பத்தும், துணிந்து தோற்பின் ஆறும் என்றாகின்றது. பதினாறில் ஆறு பங்குக்கு, அதாவது நூற்றுக்கு முப்பத்தெட்டுக்கு, மேற்பட்ட வாய்ப்பு இருக்குமாயின் கேட்பதே தக்கது. வல்னரபிள் அல்லாத நிலையிலோ லாபம் 6, நஷ்டம் 5. ஆகலின் நூற்றுக்கு நாற்பத்தைந்துக்கு மேல் வாய்ப்பு வேண்டும். கணித சாஸ்திரத்தில் நிகழ்தகவு பயிலும் நம் மாணாக்கர்க்கு இதனினும் இனிய பயிற்சி அரிது என்பது நம் கருத்து. பெரும்பாலும் ஓர் ஆட்டத்துக்கு 24 பலகைகள். இறுதி வேற்றுமையை 20 வெற்றிப்புள்ளிகளாக இரு கட்சியார்க்கும் பங்கிடுவர். சமநிலையாயின் பத்தும் பத்தும்.

வரலாறு சுருங்கக் கூறின்: இக்காலத்துக் காண்டிராக்ட் பிரிட்ஜை அமைத்தவர் அமெரிக்கராகிய ஹரல்ட் வாண்டர்பில்ட், 1925-இல் பனாமாக் கால்வாய் வழியே சென்ற பின்லாந்து என்னும் கப்பலில் அது முதன்முதல் ஆடப்பட்டது. ஆங்கில பிரிட்ஜ் சங்கம் 1936-இல் நிறுவப்பட்டது. கவுண்டிச் சங்கங்கள் அதன் உறுப்புகள். லீக்குகள் பல பிரிவுகளாக அடுக்கப்பட்டு, வென்றார் மேலேறவும் தோற்றார் கீழிறங்கவும் அமைந்துள்ளன. கவுண்டிகள் தம்முட் பொருதும் போட்டிக்கு டால்மேஷ் கிண்ணம் என்று பெயர். அங்கே பலரும் கையாளும் கேள்வி முறையாகிய ஏகால் என்பது லண்டன் மாநகரத்து ஏகால் வீதியிலிருந்த ஒரு கிளப்பினால் அப்பெயர் பெற்றது.

நாம் இக்கட்டுரை எழுதத் தூண்டிய விஷயம் இனிமேலேயே வருகின்றது. இவ்வாட்டத்தில் தோழர்க்குச் செய்தி சொல்லலாம். ஆனால் கேள்வியாலும் இட்ட சீட்டாலும் மட்டுமே சொல்லலாம். அக்கேள்வியின் பொருளும் இரகசியமாயிருத்தல் ஆகாது. எதிரிகள் வினவினால் விளக்க வேண்டும். குரலாலோ, முகக்குறியாலோ, சீட்டை இடும் வேகத்தாலோ செய்தி சொல்லுதல் குற்றம். குரலின் ஏற்றத்தாழ்வு தோன்றாதிருக்கவே, கேள்விகள் அச்சிட்ட அட்டைகளைப் பெட்டியினின்றும் எடுத்து வைக்கும் வழக்கம் வந்தது.

ஆயினும் மனிதன் யோசிப்பதை எவ்வட்டையால் மறைக்க இயலும்? எதிரி நான்கு ஸ்பேடு கேட்கின்றார். நம் தோழர் நெடுநேரம் சிந்தித்துப் பின் பாஸ் என்கின்றார். அச்சிந்தனையே ஒரு செய்தி. அவர் கையில் ஏதோ வலிமை உண்டென்பது நமக்கு விளங்கிவிட்டது. அவர் குற்றஞ் செய்திலர், யோசித்தல் குற்றமன்று. இப்பொழுது சோதனை நம்முடையது. சட்டம் கூறுவது யாதெனின், தக்க வழிகள் பல இருக்குமிடத்து, தோழரின் தயக்கம் சுட்டிய வழியை நாம் தெரிந்தெடுத்தல் ஆகாது என்பதே. ஐந்து ஆர்ட்டின் கேட்டால் வெற்றி என்று உள்ளம் அறிந்திருந்தும், பாஸ் சொல்லுதலும் தக்க வழியாயின், அதனையே சொல்லித் தோல்வியை ஏற்க வேண்டும். அறிந்ததை அறியாதவன்போல் ஒழுகுக என்று கட்டளையிடும் ஆட்டம் வேறொன்று உளதோ, நாமறியோம். அன்றியும், பல லீக் ஆட்டங்களில் நடுவர் உடனிரார். கிளப்பிலோ வீட்டிலோ எண்மர் மாத்திரம் கூடியிருப்பர். வழக்கு நேர்ந்தாற் பின்னர் எழுதிக் கேட்கலாமேயன்றி, அப்போதைக்குக் காவலாவது மனச்சாக்ஷியே. எதிரி தயங்கினாரா இல்லையா என்பதிற் கசப்பு மூண்டு, பல்லாண்டு நட்பு முறிதலும் உண்டு.

உயர்ந்த போட்டிகளிலே இந்நம்பிக்கை குலைந்ததுண்டு. 1965-இல் புவெனஸ் அயர்ஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில், பிரிட்டிஷ் ஆட்டக்காரராகிய டெரன்ஸ் ரீஸும் போரிஸ் ஷாபிரோவும், சீட்டுகளைப் பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கையால் ஆர்ட்டின் இனத்தின் அளவைக் குறித்தனர் என்று குற்றஞ் சாட்டப்பட்டனர். உலக பிரிட்ஜ் சங்கம் அவர்களைக் குற்றவாளிகள் என்றது. 1966-இல் லண்டனில் முடிந்த விசாரணையோ குற்றம் ஐயமற நிறுவப்படவில்லை என்றது. அவ்வழக்கு இன்னும் வாதிக்கப்படுகின்றது. 1975 முதல் உலகப் போட்டிகளில் தோழர்கள் ஒருவரையொருவர் காணாதபடி மேசைக்குக் குறுக்கே திரையிடும் முறை புகுந்தது. கவுண்டி லீக்குகளிற் பொதுவாகத் திரை இல்லை.

2020-இல் கொள்ளைநோய் பரவியபோது கிளப்புகள் அடைக்கப்பட, ஆட்டம் கணினித் திரைக்கு மாறிற்று. அங்கே முகக்குறி மறைந்தது. ஆனால் தோழர் தொலைபேசியில் உரையாடுகின்றாரா என்று காண்பார் இலர். ஐயங்கள் பெருகின, சங்கங்கள் விசாரணை நடத்தித் தண்டனையும் விதித்தன. மீண்டும் மேசைக்குத் திரும்பாதார் பலர். ஏற்கெனவே ஆடுவாருள் முதியோரே மிகுதி ஆகலின், இது சிறிய இழப்பன்று. உடலுழைப்பின்மையைக் காட்டி, அரசாங்க விளையாட்டு உதவிக்கு இவ்வாட்டம் உரியதன்று என்ற முடிவை 2015-இல் லண்டன் உயர்நீதிமன்றம் மாற்ற மறுத்தது. 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றமும் வரி வழக்கொன்றில் இது விளையாட்டாகாது என்றது. ஆனால் 2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இதற்குப் பதக்கம் உண்டு. ஆடவர் இணைப்போட்டியில் நம் தேசத்தினர் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் பொற்பதக்கம் பெற்றனர். அப்பொழுது பர்தனுக்கு வயது அறுபது.

கடைசிப் பலகை ஆடி முடிந்ததும் இரு மேசையாரும் தத்தம் தோழரை நாடிச் செல்வர். "நாங்கள் 620 பெற்றோம்" என்று ஒருவர் கூற, "எங்களிடம் அவர்கள் இரண்டிலே நின்றனர், 170" என்று மற்றவர் கூறுவர். பத்து என்று எழுதிக்கொண்டு அடுத்த பலகைக்குச் செல்வர். இருபத்துநான்கும் கூட்டி முடிந்தபின், இரு தலைவரும் தம் கணக்கை ஒத்துப் பார்த்துக் கையொப்பமிட்டு, முடிவினை லீக் காரியதரிசிக்கு அனுப்புவர்.