ஆள் இல்லாத நேரத்தில் பாஸ்வேர்டு கொடுப்பது யார்?

இரவு 2 மணி. ஆபீசில் ஒருவரும் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் மட்டும் வேலை செய்துகொண்டு இருக்கிறது. அன்றைய வரவு செலவுக் கணக்கை வேறொரு ஊரில் உள்ள பெரிய கம்ப்யூட்டரில் இருந்து எடுக்கிறது. காலையில் மேனேஜர் மேஜைக்குப் போகவேண்டிய அறிக்கையைத் தயாரிக்கிறது.

அந்தப் பெரிய கம்ப்யூட்டர் யாரையும் சும்மா உள்ளே விடாது. "பெயர் என்ன? பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்கும். பகல் என்றால் குமாஸ்தா தட்டிக் கொடுத்து விடுவார். இரவு 2 மணிக்கு யார் கொடுப்பது?

புரோகிராம்தான் கொடுக்கவேண்டும். அதற்குப் பாஸ்வேர்டு எங்கே இருந்து கிடைக்கிறது?

பெங்களூரிலும் மும்பையிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கும் தமிழர்கள் ஏராளம். புரோகிராம் எழுதுகிறவர்கள் மட்டும் அல்ல, அதை இயக்குகிற குமாஸ்தாக்களும் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

சுலபமான வழி

பாஸ்வேர்டை புரோகிராமுக்குள்ளேயே எழுதி விடுவது சுலபமான வழி. ஒரே வரி. வேலை முடிந்தது.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. புரோகிராம் ஓர் இடத்தில் நிற்காது. பக்கத்து சீட்டுக்காரர் ஒரு பிரதி கேட்பார். காண்டிராக்ட் கம்பெனிக்கு ஒரு பிரதி போகும். போகும் இடத்துக்கு எல்லாம் பாஸ்வேர்டும் கூடவே போகும்.

ஜப்பானில் டொயோட்டா கார் கம்பெனிக்கு இப்படித்தான் நேர்ந்தது. அதன் வேலையை எடுத்துச் செய்த ஒரு காண்டிராக்ட் கம்பெனி, புரோகிராமின் ஒரு பகுதியை, யாரும் பார்க்கக்கூடிய முறையில் "கிட்ஹப்" என்ற இணையக் கிடங்கில் போட்டுவிட்டது. அதற்குள் வாடிக்கையாளர் விவரங்களைத் திறக்கும் சாவி எழுதப்பட்டு இருந்தது. 2017 டிசம்பரில் போட்டது 2022 செப்டம்பரில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறக்குறைய 5 ஆண்டு! 2 லட்சத்து 96 ஆயிரத்து 19 வாடிக்கையாளர்களின் இ-மெயில் முகவரிகள் வெளியே போயிருக்கலாம் என்று கம்பெனி அறிவித்தது.

பூட்டிய கிடங்கிலும்

"எங்கள் கிடங்கு பூட்டியே இருக்கிறது. வெளியார் பார்க்க முடியாது" என்று சிலர் சொல்வார்கள். டாக்சி கம்பெனியான ஊபரின் கிடங்கும் பூட்டித்தான் இருந்தது.

2016-ம் ஆண்டில், வேறு இடத்தில் திருடிய ஊழியர் பாஸ்வேர்டுகளைக் கொண்டு இரண்டு பேர் அந்தக் கிடங்குக்குள் நுழைந்தார்கள். புரோகிராமுக்குள் எழுதி இருந்த சாவியை எடுத்தார்கள். 5 கோடியே 70 லட்சம் பயணிகள், டிரைவர்களின் விவரங்களை அள்ளினார்கள். கம்பெனி அவர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து விஷயத்தை ஓராண்டு மூடி மறைத்தது. 2018-ல் அமெரிக்க மாநிலங்களுக்கு 14 கோடியே 80 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. மறைத்த குற்றத்துக்காகப் பாதுகாப்புப் பிரிவின் தலைமை அதிகாரியை 2022-ல் கோர்ட்டு குற்றவாளி என்று தீர்ப்புக் கூறியது.

தனி பைல்

அப்படியானால் சரியான வழி என்ன?

பாஸ்வேர்டு புரோகிராமுக்குள் இருக்கக்கூடாது. புரோகிராமை இயக்குகிறவருடைய சொந்த இடத்தில், தனி பைலில் இருக்கவேண்டும்.

யூனிக்ஸ், லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஒவ்வொருவருக்கும் "ஹோம்" என்று ஒரு சொந்த இடம் உண்டு. அங்கே "நெட்ஆர்சி" என்ற பைலை வைக்கும் வழக்கம் பல காலமாக இருக்கிறது. அதில் மூன்றே விவரங்கள்தான்: எந்தக் கம்ப்யூட்டர், என்ன பெயர், என்ன பாஸ்வேர்டு. வேறொரு கம்ப்யூட்டருக்கும் போகவேண்டும் என்றால், அதற்கும் இதேபோல் மூன்று.

புரோகிராம் செய்யவேண்டியது இதுதான்: இயக்குகிறவருடைய ஹோமைத் தேடிப் போகவேண்டும். பைலைத் திறக்கவேண்டும். தான் போகவேண்டிய கம்ப்யூட்டரின் பெயருக்கு நேரே உள்ள விவரத்தை எடுக்கவேண்டும். இல்லை என்றால், "இன்ன கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு எழுதப்படவில்லை" என்று சொல்லி நின்றுவிட வேண்டும். பைதான் மொழியில் இந்த வேலைக்கென்றே ஒரு தயார்ப் பகுதி இருக்கிறது.

எடுத்த பாஸ்வேர்டைத் திரையில் காட்டவோ, தினசரிப் பதிவு பைலில் எழுதவோ கூடாது. பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாவியை நோட்டீஸ் போர்டில் மாட்டியதுபோல ஆகிவிடும்.

இந்த முறையில் ஒரே புரோகிராமைப் பத்துப் பேர் இயக்கலாம். ஒவ்வொருவரும் அவரவர் பெயரில்தான் உள்ளே போவார்கள். புரோகிராமை யாருக்குக் கொடுத்தாலும் பாஸ்வேர்டு கூடப் போகாது.

600 என்ற எண்

தனி பைல் மட்டும் போதாது. அதற்குப் பூட்டு வேண்டும். அந்தப் பூட்டின் எண் 600.

முதல் எண் பைலுக்குச் சொந்தக்காரருடைய உரிமை. இரண்டாவது, அவரைச் சேர்ந்த குழுவின் உரிமை. மூன்றாவது, மற்ற எல்லோருடைய உரிமை. படிக்க 4, எழுத 2, இரண்டும் சேர்ந்தால் 6. ஆகவே 600 என்றால், சொந்தக்காரர் படிக்கலாம், எழுதலாம். மற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது. 644 என்று இருந்தால், அதே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் எல்லோரும் படித்து விடலாம்.

சில புரோகிராம்கள் இதில் மிகவும் கண்டிப்பானவை. "போஸ்ட்கிரஸ்" என்ற தகவல் கிடங்குக்கான பாஸ்வேர்டு பைலை மற்றவர்கள் படிக்கும்படி விட்டிருந்தால், லினக்சில் அந்தப் பைலையே அது கண்டுகொள்ளாது. சரியான பாஸ்வேர்டு எழுதி இருந்தும் உள்ளே போக முடியவில்லையே என்று மணிக்கணக்கில் தவிக்கிறவர்கள், முதலில் பார்க்கவேண்டியது இந்த எண்ணைத்தான்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் இந்த எண் முறை கிடையாது. பாஸ்வேர்டுகளைப் பத்திரமாக வைக்க அதிலேயே தனிப் பெட்டகம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாம்.

1962-ல் நடந்தது

600 போட்டாலும் முழுக் காப்பு ஆகிவிடாது. பாஸ்வேர்டு பைலுக்குள் வெளிப்படையாகத்தான் எழுதி இருக்கிறது.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் 1962-ல், பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரம் 4 மணி நேரம்தான் ஒதுக்கி இருந்தார்கள். அது அவருக்குப் போதவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில், துளையிட்ட அட்டையில் பைலின் பெயரைக் குறித்துக் கொடுத்தால், அதை அச்சடித்து வைப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவர் பாஸ்வேர்டு பைலின் பெயரையே எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை அதிகாலை போய், எல்லோருடைய பாஸ்வேர்டும் அச்சான காகிதத்தை எடுத்துக்கொண்டார்!

இன்றும் அதே வாசல் திறந்துதான் இருக்கிறது. பைலைப் பிரதி எடுத்து வைக்கும் பேக்கப் டிஸ்க் வேறு ஒருவர் கையில் இருக்கலாம். எங்கோ இருந்து இறக்கிய இலவச புரோகிராம் உங்கள் பெயரிலேயே ஓடும். உங்கள் பைலை அதுவும் படிக்கும். ஆகையால் அந்தப் பைலில், அந்த ஒரு வேலைக்கு மட்டும் உதவும் பாஸ்வேர்டைத்தான் வைக்கவேண்டும். கணக்கைப் பார்க்கும் புரோகிராமுக்கு, கணக்கைத் திருத்தும் உரிமை எதற்கு?

யார் பெயர்?

குமாஸ்தாக்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. "உங்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள். இரவு ஓடும் புரோகிராமில் போட்டுவிடுகிறோம்" என்று கேட்டால் சம்மதிக்கக்கூடாது. புரோகிராமுக்கு என்று தனிப் பெயர் கேட்டு வாங்கவேண்டும்.

பிறருடைய பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துகிறவருக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் அந்த ஆளைப் பிடிக்கும் வரையில் கம்ப்யூட்டரின் பதிவேட்டில் இருப்பது குமாஸ்தாவின் பெயர்தான். பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். சொந்த ஊரை விட்டு வந்து, காண்டிராக்டில் வேலை பார்க்கிறவருக்கு அந்த விசாரணை ஒன்றே போதும், வேலை போக.

பாஸ்வேர்டு ஏற்கனவே புரோகிராமுக்குள் இருந்தால் அந்த வரியை அழித்து விட்டால் போதும் என்று நினைப்பது தவறு. கிட்ஹப் போன்ற கிடங்குகள் பழைய பிரதிகளையும் சேர்த்து வைத்திருக்கும். அழித்த வரி அங்கே அப்படியே இருக்கும். முதலில் பாஸ்வேர்டை மாற்றவேண்டும். புதியதைத் தனி பைலில் எழுதவேண்டும். பைலுக்கு 600 போடவேண்டும். அதற்குப் பிறகுதான் பழைய வரியை அழிக்கவேண்டும்.