ஓடும் சர்வரில் துணைக்கோப்பை மாற்றுவது எப்படி?

தங்கவயல்காரர்களுக்கு 'முட்டு' என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. சுரங்கத்துக்குள் பாறையைத் தாங்கக் கொடுப்பது. "உளுத்த முட்டைப் பாத்தா மாத்தித்தான் ஆகணும். ஆனா புதுசைப் பக்கத்துல கொண்டுவந்து வைக்காம பழசுல கை வைக்கக் கூடாது" என்பார் என் அப்பா. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. என் வயதுக்காரர்கள் மாரிகுப்பம் ரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைக்கப் போனோம். எனக்கு வாய்த்தது சர்வர் பராமரிப்பு. யோசித்துப் பார்த்தால் அதுவும் முட்டு மாற்றுகிற வேலைதான்.

சர்வரில் ஓடும் ஒரு ஜாவா மென்பொருளை 'வார்' என்ற ஒரே மூட்டையாகக் கட்டி ஏற்றுவார்கள். அதற்குள் நாம் எழுதிய நிரல் கொஞ்சம்தான். மற்றவர்கள் எழுதிய 'ஜார்' என்னும் துணைக்கோப்புகள் 'லிப்' அடைவில் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்று கெட்டால் மொத்தமும் ஆபத்து.

2021 டிசம்பரில் உலகம் முழுக்க அதுதான் நடந்தது. நிகழ்ச்சிக் குறிப்பு எழுதும் 'லாக்ஃபோர்ஜே' என்ற இலவசத் துணைக்கோப்பில் பெரிய ஓட்டை. அலிபாபா கிளவுட் பாதுகாப்புக் குழுவினர் நவம்பரிலேயே அப்பாச்சிக்குத் தெரிவித்திருந்தார்கள். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஊரறிந்தது. உள்நுழையும் பெட்டியில் பெயருக்குப் பதில் ஒரு குறிப்பிட்ட சொற்கோவையைத் தட்டினால் போதும். அதைக் குறித்துக்கொள்ளப் போகும் லாக்ஃபோர்ஜே, வெளியிலிருக்கும் திருடனின் சர்வரிலிருந்து நிரலை வரவழைத்து இங்கே ஓட்டிவிடும். அபாய மதிப்பெண் 10-க்கு 10.

அப்போது நான் கொரோனாவால் வீட்டிலிருந்தே, தங்கவயலில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சர்வரில் சுட்டியோ திரையோ கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் எல்லாம்.

முதல் வேலை தேடுவது. 'ஃபைண்ட்' கட்டளை, கோர் ஜார் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும். ஆனால் கட்டிய மூட்டைக்குள் இருப்பதை அது காட்டாது. ஒவ்வொரு வார் கோப்பையும் 'ஜார் டிஎஃப்' என்று தட்டி உள்ளடக்கம் பார்க்க வேண்டும். அடுத்து, புதிய பதிப்பை இறக்கி, அப்பாச்சி வெளியிட்ட சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட வேண்டும். அவசரத்தில் பலர் தாண்டிவிடும் படி இது. கோர் மட்டும் போதாது, கூடவே வரும் 'ஏபிஐ' ஜாரும் அதே பதிப்பாக இருக்கட்டும்.

பிறகு சர்வரை நிறுத்துங்கள். ஓடும்போதே 'சிபி' கட்டளையால் ஒரு ஜார் மேல் இன்னொன்றை எழுதினால், ஜாவா திறந்து வைத்திருக்கும் கோப்பே அதன் கைக்குள் மாறிப்போய், சர்வர் விழுந்துவிடலாம். நகர்த்தி வைத்தாலும் பயனில்லை. நினைவகத்தில் ஏறிய பழைய நிரல், மறுபடி தொடங்கும்வரை ஓடிக்கொண்டேதான் இருக்கும். பார்க்கிற நமக்குத்தான் மாறிவிட்டது போலத் தெரியும்.

இங்கேதான் நான் சறுக்கினேன். பழைய ஜாரைப் பத்திரமாக இருக்கட்டுமே என்று பெயரை மட்டும் கொஞ்சம் மாற்றி, அதே லிப் அடைவில் விட்டுவிட்டேன். முடிவில் 'ஜார்' என்றிருக்கும் எதையும் டாம்கேட் எடுத்துக்கொள்ளும் அல்லவா? புதுசும் பழசும் சேர்ந்தே ஏறிவிட்டன. மறுநாள் காலை சோதனைக் குழு போன் செய்து, "சார், ஓட்டை அப்படியே இருக்கு" என்றபோது கை நடுங்கிவிட்டது. ஒரு ராத்திரி முழுக்க வாசலைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறேன். காப்புப் பிரதியை வேறு அடைவில்தான் வைக்க வேண்டும்.

இன்னொரு கண்ணி, வார் மூட்டை. டாம்கேட் அதைப் பிரித்து ஓர் அடைவாக்கி ஓட்டுகிறது. பிரித்த அடைவில் மட்டும் மாற்றினால், அடுத்த முறை அதே மூட்டையிலிருந்து பிரிக்கும்போது பழைய ஜார் திரும்பி வந்துவிடும். மூட்டையிலும் மாற்ற வேண்டும். 'ஜார் யுஎஃப்' கட்டளை சேர்க்கும், ஆனால் பழசை நீக்காது. கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் இருப்பதால் இரண்டும் தங்கிவிடும். முதலில் 'ஜிப்' கட்டளையோடு 'டி' போட்டுப் பழசை நீக்கிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

கோப்பின் உரிமையாளரையும் பாருங்கள். நாம் 'ரூட்' ஆகப் போட்ட கோப்பை டாம்கேட் பயனரால் படிக்க முடியாமல் போகலாம். 'சோன்' கட்டளை தீர்த்துவைக்கும். சர்வரைத் தொடங்கியபின் 'எல்எஸ்ஓஎஃப்' தட்டினால், அது எந்த ஜாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும். பழைய பெயர் ஓரிடத்திலும் வரக்கூடாது.

அந்த மாதம் 2.15.0 போதவில்லை என்று 2.16.0, பிறகு 2.17.0, 2.17.1 என்று புதுப் பதிப்புகள் வந்துகொண்டே இருந்தன. நான்கு முறையும் மாற்றினேன். இரண்டாம் முறையிலிருந்து கட்டளைகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டுதான் செய்தேன். அந்த நோட்டு இப்போதும் மேசையில் இருக்கிறது.