டெங்குவின் கொடிவழி

2017 மார்ச்சில் கிண்ணியாவை டெங்கு உலுக்கியபோது, இங்கே கட்டைபறிச்சானிலும் மூதூரிலும் நான் அதிகம் கேட்ட கேள்வி, "இது எந்த ஊர்க்காரன் கொண்டு வந்த வருத்தம்?" என்பதுதான். அவ்வருடம் நாடு முழுக்க 186,101 பேர் டெங்கு நோயாளர் எனச் சந்தேகிக்கப்பட்டுப் பதிவாகினர். வருத்தம் எங்கிருந்து வந்தது என்பதை ஊர் வாயிடம் கேளாமல் வைரசிடமே கேட்க ஒரு வழி உண்டு.

அரபுத்தமிழ்க் கிதாபுகளைக் கையால் பார்த்தெழுதிய காலத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவர் விட்ட பிழை, அவர் பிரதியைப் பார்த்தெழுதியவர்களிடமும் தொடரும. இரு பிரதிகளில் ஒரே இடங்களில் ஒரே பிழைகள் இருந்தால் இரண்டுக்கும் மூலம் ஒன்று என ஊகிக்கலாம். டெங்கு வைரசும் ஏறத்தாழ 10,700 எழுத்துகள் கொண்ட கிதாபுதான். பெருகும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்து மாறும்.

பல நோயாளரின் வைரசு வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக, இடத்துக்கு இடம் பொருந்த அடுக்குவார்கள். பிறகுதான் தலையிடி. நான்கு மாதிரிகளை இணைக்க மூன்று மரங்களே சாத்தியம்; பத்து மாதிரிகளுக்கோ 2,027,025! எனவே கணினி வேண்டும். சைத்தோவும் நெய்யும் 1987இல் தந்த முறை, வித்தியாசங்களை எண்ணி, நெருங்கிய சோடிகளை ஒவ்வொன்றாக இணைத்துச் சட்டென்று ஒரு மரம் தரும். ஜோசப் பெல்சன்ஸ்டைன் 1981இல் வகுத்த முறை மெதுவானது: கையிலுள்ள வரிசைகள் எந்த மரத்திலிருந்து பிறந்திருக்க அதிக வாய்ப்பு என்று கணக்கிடும். 1985இல் அவரே ஒரு சோதனையும் சொன்னார். நிரல்களைச் சீட்டுக் குலுக்கியதுபோல் திரும்பத் திரும்பப் பொறுக்கி மரத்தை மறுபடி மறுபடி கட்டுங்கள். ஒரு கிளை நூற்றுக்கு எத்தனை தடவை மீண்டும் வருகிறது? நான் எந்த மரத்திலும் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். படம் யாருக்கும் வடிவாக வரும்.

இலங்கைக்கு இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. டெங்கு முன்பும் இருந்தது. ஆனால் குருதிப்பெருக்குக் காய்ச்சல் பெருவாரியாக வெடித்தது 1989இலிருந்துதான். மெசர், குப்ளர், அரவிந்த டி சில்வா முதலியோர் மூன்றாம் வகை வைரசின் மாதிரிகளை ஒப்பிட்டு 2003இல் வெளியிட்டார்கள். 1989க்கு முந்தியவை ஒரு கிளையில், பிந்தியவை இன்னொரு கிளையில் நின்றன. வகை அதே வகை, பரம்பரை வேறு. அந்தப் புதிய கிளையின் உறவுகள் கிழக்கு ஆபிரிக்காவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் இருந்தன.

ஆனால் இம்மரம் ஊர்க்காரனைக் காட்டிக் கொடுக்காது. டெங்கு தொற்றிய பலருக்குக் காய்ச்சலே தெரிவதில்லை. அவர்களுடைய இரத்தம் ஆய்வுகூடத்துக்குப் போவதுமில்லை. பக்கத்துப் பக்கத்துக் கிளையில் இரண்டு பேர் நின்றாலும், நடுவில் எத்தனை பேரை எத்தனை நுளம்பு கடித்தது என்று மரத்தில் எழுதியிருக்காது. மாதிரி எடுக்கப்படாத ஊருக்கு மரத்தில் கிளையே இல்லை.

2017இல் பரவியது இரண்டாம் வகை. 2009 முதல் அதுவரை ஓங்கியிருந்தது முதலாம் வகை. ஒரு வகை வந்து போனவருக்கு இன்னொரு வகை தொற்றினால் வருத்தம் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். "எந்த ஊர்?" என்று கேட்ட மச்சானிடம் நான் திருப்பிக் கேட்டது, "உங்களுக்கு முந்தி டெங்கு வந்ததா?" என்றுதான்.