பகல்லயும் லைட் எரியுற வீடா? சப்-மீட்டரைப் பாருங்க

திருவொற்றியூர் காலடிப்பேட்டைல சந்துக்குள்ள ஒரு லைன் வீடு. 300 சதுர அடி, வாடகை 9,000. ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவர். அங்க இருக்கிற தம்பி, "100 யூனிட் ஃப்ரீன்றாங்க, எனக்கு மட்டும் ஏன்ணா இவ்ளோ வருது?"னு கேட்டார்.

இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்ங்கிறது மின்வாரிய மீட்டருக்கு. இவரோ சப்-மீட்டர் பார்த்து, முதல் யூனிட்ல இருந்தே ஓனருக்கு 8 ரூபாய் கொடுக்கிறார். அப்போ மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு யூனிட்டும் முழு 8 ரூபாய்.

பழைய சோக் வெச்ச டியூப் லைட் சுமார் 50 வாட்ஸ் இழுக்கும். எல்இடி டியூப் செட் 20. தினம் 12 மணி நேரம் எரிஞ்சா 60 நாள்ல 21.6 யூனிட் மிச்சம், அதாவது ரூ.173. போட்ட காசு இரண்டு பில்லுல வந்துடும். வீடு மாறினா கழட்டிட்டுப் போகலாம். (பழசைப் பத்திரமா வெச்சு திருப்பி மாட்டிடுங்க, இல்லேன்னா அட்வான்ஸ்ல பிடிப்பாங்க.)

ஆனா என்னை உறுத்தினது மூலையில கிடந்த ரிப்பேர் வாஷிங் மெஷின். சதுர அடிக்கு மாச வாடகை 30 ரூபாய். அது அடைக்கிறது 5 சதுர அடி. வருஷத்துக்கு 1,800. தூக்கிப் போட்டா வாடகை குறையாதுதான், ஆனா லேப்டாப் வைக்க ஒரு மேஜை போடலாம். "ஊருக்கு எடுத்துட்டுப் போகலாம்னு வெச்சிருக்கேண்ணா"ன்னார். எத்தனை வருஷமா?

மூணு.