வண்டி ஏன் இரைக்கிறது?

அடம்பனிலிருந்து மன்னாருக்குச் செல்வோர் தாம்போதியை அடைந்ததும் கடற்காற்று முகத்தில் அறைவதை அறிவர். அந்த எதிர்க்காற்றிலேதான் நம் பழைய டீசல் வானின் நோய் வெளிப்பட்டது. எவ்வளவு மிதித்தும் வேகம் ஏறவில்லை; பின்னாலோ கரும்புகை. சைக்கிளில் வந்த பாடசாலைப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்குவதைக் கண்ணாடியிலே கண்டு நாணினோம்.

ஊர் திரும்பியதும் வண்டியைக் கராஜுக்குக் கொண்டுபோனோம். எண்ணெய் பீச்சும் குழல்களைக் கழற்ற வேண்டுமென்றான் மெக்கானிக் தம்பி. செலவு மிகுந்த வேலை அது. முதலில் காற்று வடிகட்டியைப் பார்க்கச் சொன்னோம். அது துப்புரவாகவே இருந்தது. எஞ்சிய ஐயம் ‘ஈ.ஜீ.ஆர்.’ வால்வின் மேல் விழுந்தது.

அது என்னவென்று மாணவர் கேட்கலாம். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன். சாதாரண வெப்பத்தில் அது சாதுவாயிருக்கும். எஞ்சினுக்குள் எழும் கடுஞ்சூட்டிலோ ஒட்சிசனோடு கூடி நச்சு ஒட்சைட்டாகிவிடும். வெளியேறும் கழிவுவாயுவில் சிறிது பங்கை மறுபடியும் உள்ளே அனுப்பினால், அவ்வாயு எரியாமல் நின்று சூட்டைத் தணிக்கும், நஞ்சும் குறையும். அந்த வழியைத் திறந்து மூடுவதே இவ்வால்வு. வண்டி முழுப்பாரம் இழுக்கும்போது அது மூடியிருத்தல் வேண்டும். மூடாவிட்டால் புதுக்காற்றுக்கு இடமின்றி எண்ணெய் அரைகுறையாய் எரியும். தாம்போதியில் வண்டி இரைத்ததன் காரணம் அதுவே.

சோதனை எளிது. வால்வை இழுத்துத் திறக்கும் வெற்றிடக் குழாயைக் கழற்றி, அதன் வாயை அடைத்து, எஞ்சினை முறுக்கிப் பார்த்தோம். புகை நின்றிருந்தால் குற்றம், குழாயை ஆளும் பகுதியில் இருந்திருக்கும். புகை நிற்கவில்லை. ஆகவே வால்வே திறந்தபடி இறுகிவிட்டது எனத் தெளிந்தோம்.

கழற்றிப் பார்த்தால், அடுப்பங்கரைச் சட்டியின் அடியைப்போல் கரி!

“சேர், ஒரு தகட்டை வைச்சு அடைச்சுவிடுவம். எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம்” என்றான் தம்பி.

அடைத்தால் கரும்புகை நிற்கும் என்பது மெய். இலங்கையில் 2008ஆம் ஆண்டு தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனையிலும் தேறிவிடலாம். டீசல் வண்டிகளில் அங்கே அளக்கப்படுவது புகையின் அடர்த்தி. கண்ணுக்குத் தெரியாத நைதரசன் ஒட்சைட்டு அன்று. சோதனையில் மட்டும் அந்த நஞ்சைக் குறைத்துக் காட்டித் தெருவிலே தாராளமாய் வெளிவிட்ட குற்றத்துக்காகத்தான் 2015இல் ஃபொக்ஸ்வாகன் நிறுவனம் உலகின்முன் தலைகுனிந்தது. மூக்கைப் பொத்திய பிள்ளைகள், தகடு அடித்தபின் பொத்தவும் மாட்டார்கள். அதுதான் நம்மை உறுத்தியது.

“வேண்டாம் தம்பி, சுரண்டுவோம்” என்றோம்.

மரக்குச்சியால் கரியைச் சுரண்டி, கரி கரைக்கும் திரவம் பூசி ஊறவைத்தோம். இரப்பர்ச் சவ்வில் அது படாதபடி காத்தல் அவசியம். பட்டால் சவ்வு கெடும். குழாய்வழியையும் துடைத்தோம். விரலால் தள்ளியதும் வால்வு ‘டக்’கென்று தானே மூடியது. பழைய கஸ்கெற்றை எறிந்து புதியதை வைத்துப் பூட்டினான் தம்பி. எல்லாமாக அரைநாள் வேலை.

மறுநாள் தாம்போதியில் அதே காற்று. வண்டி இழுத்தது. குறுகிய ஓட்டங்களே ஓடும் வண்டியாதலால் கரி மீண்டும் படியும். அடுத்த போக அறுவடை முடிந்ததும் ஒருமுறை கழற்றிப் பார்ப்பதாகத் தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறோம்.