ஓடும் வேனில் ரேடியோவைப் பதிவு செய்தவர்கள்! - பரணில் கிடக்கும் கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள்

மும்பையிலிருந்து திருநெல்வேலிக்குச் சாலை வழியாகப் போனால் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். ஓட்டுநரை மாற்றி மாற்றி ஓட்டினாலும் ஒன்றரை நாள் ஆகிவிடும். கோடை விடுமுறையில் ரயில் டிக்கெட் கிடைக்காதபோது, இரண்டு மூன்று குடும்பங்கள் பணம் போட்டு வேன் பிடித்து ஊருக்குப் போவது மும்பைத் தமிழர்களுக்குப் புதிதல்ல.

இந்த நீண்ட வழியில் அன்று துணைக்கு வந்தது ரேடியோ. அதைக் கேட்டதோடு நிற்காமல், கேசட்டில் பதிவு செய்துகொண்டே போனவர்களும் நம்மவர்களிடையே உண்டு. 1970களிலும் 80களிலும் துபாய், குவைத் போய் வந்தவர்களின் கையில் டேப்ரிக்கார்டர் இருக்கும். பாட்டுக் கேட்க வாங்கியதுதான். வழியில் வானொலியைப் பிடிக்கவும் அது பயன்பட்டது.

அந்தக் கேசட்டுகள் இன்று பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் கிடக்கின்றன. இரைச்சல்தானே கேட்கிறது என்று பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். அந்த இரைச்சலுக்குள் இருப்பது வேறு எங்கும் கிடைக்காது. எப்படி என்று பார்ப்போம்.

வழிநெடுக நிலையங்கள்

ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பதால், எதையும் கால அட்டவணை போலப் பார்ப்பது எனக்குப் பழக்கம். வானொலி நிலையங்களையும் அப்படி எழுதிவிடலாம். 1980களில் இந்த வழியில் போனவருக்கு மத்திய அலையில் கிடைத்த நிலையங்கள் இவை: பம்பாய் 1044, புனே 792, தார்வாட் 765, பெங்களூர் 612, சென்னை 720, திருச்சி 936, திருநெல்வேலி 1197 கிலோஹெர்ட்ஸ்.

இந்த எண்களை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். மீதியே வராது! 1975-ல் ஜெனீவாவில் பல நாடுகள் கூடிச் செய்த ஏற்பாடு அது. ஒரு நிலையம் இன்னொன்றின் மேல் ஏறிவிடாமல் இருக்க, ஒன்பது ஒன்பதாக இடைவெளி விட்டு இடம் பிரித்துக்கொண்டார்கள். 1978 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது.

கண்டாலா மலைப்பாதை ஏறும்போது பம்பாய் மங்கும். புனேயின் மராத்தி தெளிவாகும். கோலாப்பூர் தாண்டி நிப்பாணி வந்தால் கன்னடம் கலக்கும். தார்வாட் நிலையம் பேசும்போது வண்டி வட கர்நாடகத்தில் ஓடுகிறது என்று பொருள். பெங்களூரைக் கடந்து ஓசூர் வந்தால் பகலிலும் தமிழ் கேட்கத் தொடங்கும்.

மொழி மாறும், ஒன்று மட்டும் மாறாது. விடியற்காலையில் எந்த ஆகாசவாணி நிலையத்தைத் திருப்பினாலும் ஒரே முகப்பு இசைதான். அதை அமைத்தவர் வால்டர் காஃப்மன். 1930களில் ஐரோப்பாவிலிருந்து இங்கு வந்து, பம்பாய் வானொலி நிலையத்தில் இசைப் பணியாற்றியவர். பம்பாயில் கேட்டுப் பழகிய அந்த இசை, மறுநாள் காலை வேறு மாநிலத்தில் வண்டிக்குள் கேட்டால், தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்கூட நிமிர்ந்து உட்காருவார்.

இருட்டினால் ஊர் கிட்டே வரும்

பகலில் மத்திய அலை தரையோடு ஒட்டிப் போகும். பெரிய நிலையமானாலும் நூறு, இருநூறு கிலோமீட்டருக்குப் பிறகு தேய்ந்துவிடும். மேல்நோக்கிப் போகும் அலையையோ, வானத்தின் கீழ் அடுக்கு ஒன்று விழுங்கிவிடும். வெயில் இருக்கும்வரைதான் அந்த அடுக்குக்கு உயிர். பொழுது சாய்ந்ததும் அது கரைந்துவிடும். பிறகு அலை இன்னும் உயரே போய், அங்குள்ள அடுக்கில் பட்டுத் திரும்பித் தொலைவில் வந்து இறங்கும்.

அதனால்தான் பகலெல்லாம் கிடைக்காத சென்னையும் திருச்சியும், ராத்திரி ஹூப்ளி அருகே வண்டி போகும்போது மெல்ல எட்டிப் பார்த்தன. ஒரு நிமிடம் காதருகே பேசுவது போல இருக்கும். அடுத்த நிமிடம் கிணற்றுக்குள் இறங்கிவிடும். ஒரே அலை பல வழிகளில் வந்து சேருவதால் ஏற்படும் ஏற்ற இறக்கம் அது. ஊர் இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஊர்ப் பேச்சு முன்னதாக வந்துவிடும்.

மதுரைக்குத் தெற்கே போனால் இலங்கை வானொலியும் சேர்ந்துகொள்ளும். தென்மாவட்டங்களில் அதைக் கேட்டு வளராதவர் அந்தக் காலத்தில் குறைவு. பி.எச். அப்துல் ஹமீது குரலை இன்றும் அடையாளம் சொல்லக்கூடியவர்கள் தாராவியிலும் செம்பூரிலும் இருக்கிறார்கள்.

எப்படிப் பதிவு செய்தார்கள்?

ஓடும் வண்டியில் பதிவு செய்வது சுலபமல்ல. வண்டியின் உடம்பு முழுக்க இரும்பு. உள்ளே வைத்த ரேடியோவுக்கு அலை சரியாக எட்டாது. ஜன்னல் ஓரம் வைக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் கரிய ஃபெரைட் தண்டுதான் மத்திய அலைக்கு ஏரியல். அதற்குத் திசை முக்கியம். தண்டின் முனை நிலையத்தை நோக்கி நின்றால் ஒலி செத்துவிடும். குறுக்கே நின்றால் நன்றாகக் கேட்கும். மலைப்பாதையில் வண்டி திரும்பத் திரும்ப, பெட்டியையும் திருப்ப வேண்டும்!

பெட்ரோல் வண்டியில் இன்னொரு தொல்லை. ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு முறை பொறி விடும்போதும் ரேடியோவில் 'டக் டக்' என்று விழும். டீசலில் ஓடிய மெட்டடார் வேனில் பிளக் கிடையாது; அந்தத் தொல்லையும் இல்லை. சாலையோரம் உயரழுத்த மின்கம்பி வந்தால் மட்டும் எந்த வண்டியானாலும் 'கர்' என்று அரைக்கும்.

சாதாரண அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் அரை மணி நேரம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஒரு பக்கம் தீர்வதற்குள் வண்டி 25 கிலோமீட்டர் போயிருக்கும். மொத்த வழியையும் பதிவு செய்யக் கேசட்டுக்கும் டார்ச் செல்லுக்கும் காசு ஏது? செய்தி வரும்போது கொஞ்சம், பாட்டு வரும்போது கொஞ்சம் என்று துண்டு துண்டாகத்தான் பிடித்தார்கள்.

இதில் இரண்டு வகை உண்டு. டூ-இன்-ஒன் பெட்டியில், அதன் ரேடியோவில் வருவது நேராக நாடாவில் ஏறும், சுத்தமாக இருக்கும். வண்டியில் பொருத்திய ரேடியோ பாட, மடியில் தனி டேப்ரிக்கார்டரை வைத்து மைக் வழியாகப் பிடித்தால், ரேடியோவோடு ஹாரன், குழந்தை அழுகை, வண்டிக்குள் பேசும் பேச்சு எல்லாம் சேர்ந்துவிடும். அன்று இதைக் கெட்டுப்போன பதிவு என்றார்கள். இன்று அதுதான் விலைமதிப்பில்லாதது!

தாத்தாவின் குரல்

எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு கேசட் இருக்கிறது. 1986 கோடையில் ஊரில் ஒரு கல்யாணம். 1982-ல் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்தில் மில் வேலையை இழந்த என் மாமா, அதன் பிறகு வேன் ஓட்டிப் பிழைத்தார். அந்த வேனிலேயே குடும்பம் புறப்பட்டது. அத்தை மடியில் டேப்ரிக்கார்டர். நான் அப்போது பிறக்கவே இல்லை.

கேசட்டின் தொடக்கத்தில் மாமா தேதியைச் சொல்கிறார். பிறகு, "தாவணகெரே தாண்டியாச்சு, ராத்திரி மணி எட்டே முக்கால்" என்கிறார். கன்னடத்தில் ஏதோ விவசாயப் பேச்சு. முள் நகர்கிறது. இரைச்சலுக்கு நடுவே தமிழ் தலைகாட்டி மறைகிறது. உடனே தாத்தாவின் குரல்: "ஏல, நில்லு! தமிழ் பேசுதாம்லா... முள்ளை அசைக்காத."

அவ்வளவுதான். நாலைந்து விநாடி. தாத்தா 1989-ல் காலமாகிவிட்டார். அவருடைய புகைப்படம் இரண்டு இருக்கிறது. குரல் இந்தக் கேசட்டில் மட்டும்தான். அதன் மறுபக்கத்தில் பிற்பாடு யாரோ சினிமாப் பாட்டு ஏற்றிவிட்டார்கள். அங்கே என்ன பேசியிருந்தார்கள் என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

நிலையங்களிடம் கேட்டால் கிடைக்குமா?

பெரிய கச்சேரி, தலைவர்களின் உரை போன்றவற்றை ஆகாசவாணி காப்பகத்தில் வைத்திருக்கிறது. அறிவிப்பாளர் நேராகப் படித்த சந்தை நிலவரம், வானிலை அறிவிப்பு, அன்றைய மாநிலச் செய்தி எல்லாவற்றையும் நாடாவில் ஏற்றி எந்த நிலையமும் நிரந்தரமாக வைத்திருக்க முடியாது. அவை பெரும்பாலும் காற்றோடு போயின. வீட்டில் யாராவது பிடித்து வைத்திருந்தால்தான் உண்டு.

அலையும் மாறிவிட்டது. அண்மை ஆண்டுகளில் நாடு முழுவதும் பல மத்திய அலை ஒலிபரப்பிகள் மூடப்பட்டுவிட்டன. இன்று காரில் கேட்பது பெரும்பாலும் பண்பலைதான். ஒலி தெளிவு, தூரம் குறைவு. கோபுரத்திலிருந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தாண்டினால் மங்கத் தொடங்கும். ராத்திரி ஆனாலும் அது ஹூப்ளிக்குத் திருச்சியைக் கொண்டு வராது. செல்போன் செயலியில் எந்த ஊர் நிலையத்தையும் எங்கிருந்தும் கேட்கலாம் என்பது வசதிதான். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கேட்பதால், வழி எங்கே மாறியது என்று அது சொல்லாது.

கேசட் இருந்தால் செய்ய வேண்டியவை

முதலில், கேசட்டின் பின்விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். இரண்டையும் ஒடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு தவறிப்போய்க்கூட அதன் மேல் யாரும் பதிவு செய்ய முடியாது.

நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள். மும்பை மழைக்காலம் கேசட்டுக்கு எதிரி. பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். பூஞ்சை இல்லையென்றால், பென்சிலை விட்டு மெல்லச் சுற்றி நாடா ஒட்டிக்கொள்ளாமல் நகர்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு தடவை முன்னும் பின்னும் முழுக்க ஓட்டிவிட்டுக் கேளுங்கள். கருவியின் ஹெட்டைச் சுத்தமான ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்த பிறகே போட வேண்டும். ஸ்பீக்கர் பக்கத்தில் கேசட்டை வைக்கக் கூடாது. காந்தம் பதிவைக் கெடுக்கும்.

டேப்ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர் போட்டால், பதிவை அப்படியே ஏற்றிவிடலாம். இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று முதல் நகலில் கை வைக்காதீர்கள். இரைச்சலோடு சேர்ந்து தாத்தாவின் இருமலும் போய்விடும்!

இனி ஊருக்குப் போகிறவர்களுக்கு

பதிவு செய்வது சட்டப்படி சரியா என்று சிலர் கேட்கலாம். ஒலிபரப்பைத் தன் சொந்த உபயோகத்துக்காகப் பதிவு செய்துகொள்வது குற்றமல்ல என்று 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 39-வது பிரிவில் சொல்கிறது. விற்பதும் பிறருக்கு ஒலிபரப்புவதும் வேறு விஷயம்.

செல்போனை மடியில் வைத்தாலே போதும். வண்டியின் ரேடியோவும் நம் பேச்சும் சேர்ந்து பதிவாகும். ஓட்டுகிறவர் இதில் கை வைக்கக் கூடாது. பின்னால் இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, நேரம், ஊர், வண்டியில் யார் யார் என்று வாயால் சொல்லிவிடுங்கள். எங்கள் மாமா அதைச் சொன்னதால்தான், தாத்தா எந்த ஊர்ச் சாலையில், எத்தனை மணிக்குத் தமிழைக் கேட்டுத் துள்ளினார் என்று இன்று எங்களுக்குத் தெரிகிறது.

பிழைக்க வந்த ஊரிலிருந்து பிறந்த ஊருக்கு நம் பெரியவர்கள் போய் வந்த பாதையைப் பற்றி ஏட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை. அரை மணி நேர நாடாவில் அதில் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அடுத்த முறை வீட்டைச் சுத்தம் செய்யும்போது, பழைய சாமான் மூட்டையைக் கட்டுவதற்கு முன் கேசட்டுகளை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். மேலே சினிமாப் படத்தின் பெயர் எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். ஒருமுறை ஓட்டிக் கேளுங்கள்.