பின்னாடி இடிச்சவர் மேலதான் எப்பவும் தப்பா?

(ஒலிபரப்பான அத்தியாயத்தின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு நாம பேசப்போறது கார் இடி. பெரிய விபத்து இல்லை. யாருக்கும் அடிபடாம, பம்பர் மட்டும் உடையுற சின்ன இடி. அதுல தப்பு யாருது, இன்சூரன்ஸ் கேக்கலாமா வேண்டாமா? இந்த ரெண்டு கேள்விதான். ரெண்டுலயும் நானே தப்பு பண்ணியிருக்கேன், அதனால என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போற ரோடு, சாயங்கால நேரம். முன்னாடி பஸ் நின்னுச்சு, நான் பிரேக் போட்டேன். பின்னாடி வந்த கால் டாக்ஸி 'டமார்'னு இடிச்சுது. இறங்கிப் பார்த்தா என் பின்பக்க பம்பர் பிளந்து தொங்குது. டாக்ஸி ஓட்டினவர் இருபத்தஞ்சு வயசுப் பையன். "சார், உங்க பிரேக் லைட் எரியவே இல்ல சார்"னு சொன்னார். "இடிச்சுட்டு கதை சொல்லாத தம்பி"ன்னேன். அதுக்குள்ள கூட்டம் சேர்ந்துடுச்சு. "பின்னாடி வர்றவன்தானே பாத்து வரணும்?" கூட்டத்தோட தீர்ப்பு அவ்வளவுதான். அந்தத் தம்பி போன்லயே எனக்கு 3,000 ரூபாய் அனுப்பிட்டுப் போயிட்டார்.

மறுநாள் மெக்கானிக் காரைப் பார்த்துட்டு, "அண்ணே, ரெண்டு பிரேக் லைட்டும் எரியல"ன்னார். இடிச்சதுல உடைஞ்சிருக்கும்னு நினைச்சேன். "இல்லண்ணே, பல்பு நல்லா இருக்கு. பிரேக் பெடல் கிட்ட ஒரு சுவிட்ச் இருக்கும், அது போயிருக்கு. பின்னாடி இடிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல"ன்னார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். பின்னால் வந்து இடித்தவர் மேல்தான் எப்போதும் தப்பு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் போதுமான இடைவெளி விடவேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. அதனால் முதல் சந்தேகம் பின்னால் வந்தவர் மேல் விழுகிறது. ஆனால் அது முதல் சந்தேகம்தான், முடிவு இல்லை. முன்னால் இருந்த கார் ரிவர்ஸில் வந்திருக்கலாம். திடீரென்று குறுக்கே புகுந்திருக்கலாம். என் கார் மாதிரி பிரேக் லைட் எரியாமலும் இருந்திருக்கலாம். வழக்கு என்று போனால், இரண்டு பக்கமும் கவனக்குறைவு இருந்தது என்று தப்பைச் சதவீதமாகப் பிரிக்கவும் முடியும்.

இப்போ முக்கியமான விஷயம். ரோட்டுல நாம இவ்வளவு சண்டை போடுறோமே, அந்தத் தப்பு யாருதுங்கிற கேள்வி நம்ம பம்பருக்கு இன்சூரன்ஸ் பணம் வர்றதுல பெரும்பாலும் வர்றதே இல்லை.

ஏன்னா, காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று தேர்ட் பார்ட்டி: நம்மால் அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கு. இது சட்டப்படி கட்டாயம். இன்னொன்று ஓன் டேமேஜ்: நம் வண்டிக்கு ஆன சேதத்துக்கு. ஓன் டேமேஜில் தப்பு உங்களுடையதாகவே இருந்தாலும் பணம் உண்டு. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, சொந்தக் காரை வாடகைக்கு விடுவது போன்றவைதான் அதைக் கெடுக்கும்.

"இடிச்சவரோட இன்சூரன்ஸ்லதானே வாங்கணும்?"னு கேக்கலாம். வழி இருக்கு. ஆனால் அதற்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகணும். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தத்தின்படி ஆறு மாதத்துக்குள் மனு போடணும், தப்பு அவருடையதுதான்னு நிரூபிக்கணும். அங்கேதான் தப்பு யாருதுங்கிறது முழுசா தேவைப்படுது. ஒரு பம்பருக்காக யாரும் அவ்வளவு தூரம் போறதில்லை.

சரி, என் ஓன் டேமேஜ்லயே கேக்கலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேப்பர் எடுத்துக்கோங்க.

கார் 1200 சிசி, நாலு வருஷம் தாண்டியது, ஜீரோ டெப் இல்லைன்னு வெச்சுக்குவோம். பம்பர் 4,000, பெயிண்டிங் 4,000, வேலைக்கூலி 1,500. மொத்தம் 9,500. பம்பர் பிளாஸ்டிக், அதனால் பாதி தேய்மானம்: 2,000 நம் கையிலிருந்து. பெயிண்டிங்கில் கால் பங்கைப் பொருள் செலவாக எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள்: 500. அப்புறம், 1500 சிசி வரையுள்ள கார்களுக்கு ஒவ்வொரு கிளைமிலும் கட்டாயமாகப் பிடிக்கிற 1,000. ஆக, கம்பெனி தருவது 6,000.

பதிலுக்கு நாம என்ன இழக்கிறோம்? நோ கிளைம் போனஸ். ஒரு வருஷம் கிளைம் இல்லைன்னா ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அப்புறம் 25, 35, 45, 50 என்று வருஷா வருஷம் ஏறும். ஒரே ஒரு கிளைம், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அடுத்த ரினியூவலில் பூஜ்யம். தனியாகப் பணம் கட்டி போனஸ் பாதுகாப்பு வாங்கியிருந்தால்தான் தப்பிக்கலாம்.

ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000, அடுத்த ரினியூவலில் 50 சதவீதம் கிடைக்க வேண்டியவர் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். கிளைம் செய்தால் அந்த வருஷம் 4,000 நஷ்டம். அடுத்த வருஷம் 50க்குப் பதில் 20தான், 2,400 நஷ்டம். பிறகு 2,000, 1,200, 400. ஐந்து வருஷத்தில் மொத்தம் 10,000. கார் பழசாக ஆக பிரீமியம் குறையும். அதைக் கழித்தாலும் கையில் வந்த 6,000-ஐ விட அதிகம்தான் போகும்.

இந்தக் கணக்கு தெரியாம நான் கிளைம் போட்டேன்.

அதுலயும் இன்னொரு சிக்கல். காப்பீடு என்பது இழப்பை ஈடுகட்டத்தான், ஒரே சேதத்துக்கு இரண்டு பக்கம் பணம் வாங்க இல்லை. அந்தத் தம்பிகிட்ட 3,000 வாங்கிட்டு, அதைச் சொல்லாமலே கம்பெனிகிட்டயும் நான் கேட்டிருந்தேன். அது முறையில்லை.

உங்களுக்கு இப்படி நடந்தா என்ன செய்யணும்? வண்டியை நிறுத்துங்க, நிறுத்தாம போறது குற்றம். யாருக்காவது அடிபட்டிருந்தா பேச்சுவார்த்தையே வேண்டாம். மருத்துவமனை, போலீஸ், இன்சூரன்ஸ் கம்பெனி, அதே வரிசையில். அடிபடலைன்னா, வண்டிகளை நகர்த்துறதுக்கு முன்னாடி நாலு போட்டோ: ரெண்டு நம்பர் பிளேட், சேதம், ரோடு. "தப்பு என்னோடதுதான், பணம் தர்றேன்"னு எழுதிக் கொடுக்காதீங்க; கம்பெனியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அப்படி ஒத்துக்கொள்ளக் கூடாதுங்கிறது பாலிசி நிபந்தனை. கிளைம் போடுறதா இருந்தா முதல்ல தகவல் சொல்லுங்க, அவங்க பார்த்த பிறகு ரிப்பேர். எஸ்டிமேட் கையில் வந்ததும் மேலே சொன்ன கணக்கைப் போட்டுட்டு முடிவு பண்ணுங்க.

அப்புறம் அந்தத் தம்பி. பணம் அனுப்பின நம்பர் போன்ல இருந்தது. கூப்பிட்டு, பிரேக் லைட் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அன்னைக்கே சொன்னேனே சார்"னார். 3,000-ஐத் திருப்பி அனுப்பினேன். ஆனா ஒரு நாள் சம்பாத்தியம் போய், அந்தக் கூட்டத்துக்கு நடுவுல அவர் நின்னதை என்னால திருப்பிக் கொடுக்க முடியல.

இன்னைக்கு ராத்திரி வண்டி நிறுத்தும்போது, சுவர் பக்கமா பின்புறத்தைக் காட்டி ஒருமுறை பிரேக் மிதிச்சுப் பாருங்க. சுவர்ல சிவப்பு வெளிச்சம் விழணும். விழலைன்னா, அதைச் சரி பண்ணிட்டு வண்டியை எடுங்க.